நல்லசாமியின் வட தேசப் பயணம்

தோட்டத்துப் பழைய பேர்ப் புத்தகத்தின்படி, நான் 1943-ஆம் வருஷம் சயாமுக்குப் பயணம் போனவன். அங்கே புது ரயில்பாதையையும் பெரிய ஆற்றையும் அருவியையும் பார்த்துவிட்டு, நான்கே மாதத்தில் வாந்திபேதி கண்டு செத்தும் போனேன். இவ்வளவும் நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் எங்கள் சுவா தோட்டத்திலிருந்து எட்டிப் போனது சி ரூசா கடற்கரை வரைக்கும்தான். செத்தவன் பேசுகிறானே என்று யாரும் பயப்பட வேண்டாம். என் பேர் நல்லசாமி, ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன், வயது இப்போது ஐம்பது சொச்சம், சாப்பாடு நன்றாகவே இறங்குகிறது.

பயணத்தைப் பற்றிய முதல் தகவல் கணக்கெழுதுகிற கிராணி இராஜமாணிக்கம் மூலமாகத்தான் எங்களுக்கு வந்தது. வெள்ளைக்காரத் துரை சண்டைக்குப் பயந்து சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு தோட்டத்து ஆபீஸ் கிராணி கையில் இருந்தது. கிராணி ஒரு ஜப்பான்காரன் கையில் இருந்தார். அந்த ஜப்பான்காரனை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. குட்டையாக, சுத்தமாக, எப்போதும் கையில் ஒரு பிரம்போடு இருப்பான். பிரம்பை அவன் அதிகம் உபயோகித்ததில்லை என்று கிராணி அடிக்கடி பெருமையாகச் சொல்வார். உபயோகித்த இரண்டு தடவையும் அவர் கன்னத்தில்தான் என்பதைச் சொல்ல மாட்டார்.

கிராணிக்குத் தமிழ் எழுத வரும். அது அவருக்கு ஒரு வியாதி. துரை காலத்தில் அவருக்கு எழுதக் கிடைத்ததெல்லாம் 'இன்று மழை, பால்வெட்டு இல்லை' என்கிற ஒற்றை வரிதான். மாஸ்டர் அவரிடம் நான்கு படங்களைக் கொடுத்து, வடக்கே புது ரயில்பாதை போடுகிறோம், ஆள் வேண்டும், ஜனங்கள் சந்தோஷமாகக் கிளம்புகிற மாதிரி ஒரு அறிவிப்பு எழுது என்று சொன்னதும், மனுஷன் பதினெட்டு வருஷத்து ஆசையை ஒரே தாளில் கொட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் ஸ்டோர் வாசலில் எங்களை உட்கார வைத்தார்கள். சுவரில் நான்கு படங்கள். கிராணி அடிக்கோலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி வாசித்தார். முதல் படத்தில் ஆறு, அதில் மூங்கில் தெப்பங்கள். அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலே மீன் வந்து காலைக் கடிக்கும் என்றார். இரண்டாவது படம் அருவி. மூன்றாவது, தங்கக் கோபுரம் வைத்த புத்தர் கோயில். நான்காவதில் பாறைகளுக்கு நடுவே புகை எழும்பியது. அது வெந்நீர் ஊற்றாம். அதில் குளித்தால் கைகால் குடைச்சல், முட்டிவலி, வாதம் எல்லாம் பறந்துவிடுமாம். இத்தனையையும் இதுவரை யாரும் பார்க்க முடியாமல் காடு மறைத்திருந்ததாம். இப்போது புது ரயில் வருவதால் முதல் ஆளாகப் பார்க்கும் பாக்கியம் நம் ஜனங்களுக்கு வாய்த்திருக்கிறதாம்.

பிரயாண ஏற்பாடுகளும் குறைவில்லை. ரயில் சீட்டு இனாம், வழியில் சாப்பாடு இனாம், தங்குவதற்குப் புது அத்தாப்பு ஓலைக் கொட்டகை, கூடவே டாக்டர். குடும்பத்தோடும் வரலாம். மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம். மங்கம்மா என்கிற பால்வெட்டுக்காரி எழுந்து, அங்கே மாரியம்மன் கோயில் இருக்குமா என்று கேட்டாள். கிராணி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினான். அந்த நிமிஷமே சயாமில் ஒரு மாரியம்மன் கோயில் எழும்பிவிட்டது. யாராவது தேர் கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும்.

கூட்டம் முடிந்ததும் பேர் கொடுக்க வரச் சொன்னார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் அப்பன்மார் இந்த நாட்டுக்கு வந்ததே இப்படி ஒரு அறிவிப்பைக் கேட்டுத்தான். அப்போதும் கப்பல் சீட்டு இனாம், அப்போதும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம். அதனால் இனாம் பிரயாணம் என்றால் அது போகிற வழிக்கு மட்டும்தான் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிட்டோம்.

நான்காவது படத்தை மறக்க முடியாமல் போனது ஒரே ஒருத்தருக்குத்தான். அது என் மச்சான் ஆறுமுகம், என் தங்கை தாயம்மாவைக் கட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் மேட்டிலிருந்து பால்வாளியோடு சறுக்கி விழுந்தவர். அதிலிருந்து அவர் வலது முட்டி நடக்கும்போதெல்லாம் டொக் டொக் என்று சத்தம் போடும். அன்றைக்கு லயத்து வாசலில் முட்டியைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"மச்சான், அந்த வெந்நி ஊத்துல ஒரு வாரம் காலை வச்சுக்கிட்டு ஒக்காந்தா சரியாயிரும்லா."

நான் சிரித்தேன். கொஞ்சமாக இல்லை, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

"அதுக்கு எதுக்கு மச்சான் சயாமு? நம்ம பெடாஸ்லயே இருக்கு வெந்நி. அடுத்த வாரம் சைக்கிள்ல வச்சு நானே கூட்டிட்டுப் போறேன்."

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. எனக்கு உப்பு வேலை இருந்தது.

அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை. பாதி மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டிருந்தோம். உப்பு மட்டும் கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கை உப்பில்லாமல் மூன்று வேளை தின்று பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது தெரியும். சி ரூசாவில் ஷம்சுதீன் என்று ஒருவர், சண்டைக்கு முன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். அரிசியும் ஆட்டிறைச்சியும் இல்லாமல் கடையை மூடிவிட்டு, பிரியாணி ஆக்கின பெரிய தேக்சாவில் கடல்தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். செவ்வாய்தோறும் விடியும் முன் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போய்விடுவேன். டயர் கிடைக்காததால் சக்கரத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தேன். அதில் போய் இறங்கினால் எலும்பெல்லாம் இடம் மாறியிருக்கும். பகல் முழுக்க விறகு வெட்டி, அடுப்பு ஊதி, சாயங்காலம் ஒரு துணிமூட்டை உப்போடு திரும்புவேன். எங்கள் லயத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் அந்த உப்புதான்.

ஆனால் செவ்வாய்க்கிழமையும் பெரட்டு உண்டு. விடிகாலையில் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, கிராணி பேர்ப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்யா' என்று குரல் கொடுத்தவர்களுக்குத்தான் அன்றைய அரிசி. பேருக்கு ஒரு பால்டின் நிறைய. குரல் வராவிட்டால் டின்னும் வராது. அதனால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஒருவன் கிழங்கு மாற்ற நீலாய்ப் பக்கம் போயிருப்பான், ஒருவன் காய்ச்சலில் படுத்திருப்பான். அவன் பேர் வரும்போது பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றிப் பதில் சொல்லிவிடுவான். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. தும்மினவனைப் பார்த்து 'நூறு வயசு' என்று சொல்கிற மாதிரி, வாய் தானாகச் செய்துவிடும். கிராணி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் குறி போடுவார். அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மாஸ்டருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் குரல் கொடுத்தவன், காணாமல் போனவன் இரண்டு பேரையும் கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பொழுது சாயும்வரை வெயிலில் முட்டி போட வைப்பான். ஒருவனை அப்படி வைத்ததில் அவனுக்கு இன்றுவரை ஒரு கை தூக்க வராது.

என் பேருக்குப் பதில் சொல்வது மச்சான். அதிலும் ஒரு சிக்கல். எனக்கு எதைச் சொல்லும் முன்னும் ஒரு தடவை இருமிக்கொள்கிற பழக்கம். அந்த இருமல் இல்லாவிட்டால் அது நானில்லை. மச்சானோ விடிகாலையில் நின்றுகொண்டே தூங்குகிறவர். அவரை நம்பினால் என் அரிசி போய்விடும் என்று, பெண்கள் வரிசையில் நிற்கிற தாயம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் போலவே ஒரு தடவை இருமுவாள். அந்தச் சத்தத்தில் மச்சான் விழித்துக்கொண்டு 'இருக்கேன்யா' என்பார். இருமல் தங்கச்சியுடையது, குரல் மச்சானுடையது. ஒரு நல்லசாமிக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள் என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

அறிவிப்பு வாசித்து மூன்று வாரம் ஆகியும் பேர் கொடுக்க ஒருவரும் வராததால், மாஸ்டர் கிராணியைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் பன்னிரண்டு ஆள் வேண்டும், பேர்களை நீயே எழுதிக்கொடு என்று சொல்லியிருக்கிறான். கிராணி இராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். யார் பேரை எழுதினாலும் அந்த வீட்டு அடுப்பு அணைந்துவிடும். கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. அந்தச் செவ்வாய்க்கிழமை யார் யார் தோட்டத்தில் இருக்க மாட்டார்கள் என்பது அவருக்கு அத்துபடி. ஆமாம், அத்தனை நாளும் குரல் மாறுவதெல்லாம் தெரிந்தேதான் குறி போட்டிருக்கிறார். அப்படி இல்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கிப் பன்னிரண்டு பேர் எழுதினார். கூப்பிடுவேன், குரல் வராது, மாஸ்டர் என் கன்னத்தில் இரண்டு வைப்பான், லாரி வெறுமையாகத் திரும்பிப் போகும் என்று கணக்குப் போட்டார்.

கிராணியை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் நல்லவர். எங்களுக்கு வந்த வினையே அதுதான். நாங்களும் நல்லவர்களாக இருந்தோம்.

அன்றைக்கு நடந்ததை மங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் தாயம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவள். இன்னும் இருட்டு பிரியவில்லை. லாரியைப் பால் ஸ்டோருக்குப் பின்னால் நிறுத்தியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. மாஸ்டர் களத்தின் ஓரத்தில் பிரம்போடு நின்றான். அவன் எப்போதாவது வந்து நிற்பது உண்டு. கிராணி பேர்ப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். முதல் பேர் கூப்பிட்டார். அந்த ஆள் நீலாய்ப் பக்கம் போயிருந்தான். வரிசையிலிருந்து பளிச்சென்று குரல் வந்தது: 'இருக்கேன்யா.' கிராணி தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தாராம். இரண்டாவது பேர் கூப்பிட்டார். அதற்கும் குரல் வந்தது. இல்லாதவர்களாகப் பொறுக்கின பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் அங்கே இருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் வராதவனுக்கு இருந்த மதிப்பு வந்தவனுக்கு இருந்ததில்லை.

ஆறாவதாக என் பேர். புத்தகத்தில் என் பேர் எப்போதும் நாற்பத்தேழாவது, ஆறுமுகத்துக்கு அடுத்து. அது முன்னால் வந்ததில் மச்சான் திகைத்துப்போயிருக்க வேண்டும். அல்லது வழக்கம்போல் தூங்கியிருக்க வேண்டும். குரல் வரவில்லை. கிராணிக்கு உயிர் வந்தது. சட்டென்று அடுத்த பேருக்குப் போகப் பார்த்தார். அதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து இருமல் கேட்டது. உடனே மச்சான் சொன்னார்:

"இருக்கேன்யா."

குரல் கொடுத்த ஒன்பது பேரையும் முன்னால் வரச் சொன்னார்கள். ஸ்டோருக்குப் பின்னாலிருந்து லாரி வந்தது. மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். முக்கால்வாசி ஆள் இவ்வளவு ஒழுங்காக நிற்பது வேறு எந்தத் தோட்டத்திலும் இல்லை என்று கிராணியின் தோளைத் தட்டினானாம். அன்றைக்கு அவன் அடித்திருந்தால் தேவலை என்று கிராணி என்னிடம் சொல்லி அழுதார்.

நான் நல்லசாமி இல்லை என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்குக் கல். சாயங்காலம் உப்பு மூட்டையோடு வந்து நிற்கிற எனக்கும் கல். குறி போட்ட கிராணிக்கு அதற்கு மேலே. ஒன்பது பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மச்சான் முட்டியைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறும்போது தாயம்மா ஓடிப்போயிருக்கிறாள். அவளைப் பார்த்து, "மூணு மாசந்தானே. அந்த வெந்நில காலை வச்சுட்டு வந்துர்றேன். மச்சானை ஒண்ணும் சொல்லாதே" என்றாராம்.

லாரி சிரம்பானுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் சி ரூசாவில் கடலில் குளித்துக்கொண்டிருந்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அடுப்பு மூட்டும் முன் கழுத்தளவு தண்ணீரில் நின்று, மேற்கே போகிற தோணிகளைப் பார்த்து, ஷம்சுதீன் பாய் வெட்டிக்கொடுத்த இளநீரைக் குடித்தேன். அந்த வருஷம் எங்கள் தோட்டத்திலேயே உல்லாசப் பிரயாணம் போனவன் நான் ஒருத்தன்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் மூட்டையோடு லயத்துக்கு வந்தேன். தாயம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் மூட்டையை வாங்கி இறக்குகிறவள், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. மச்சான் எங்கே என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீ காலையில சயாமுக்குப் போயிட்ட."

அண்ணே என்கிற வார்த்தை அதில் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

நான் கிராணி வீட்டுக்கு ஓடினேன். என்னை அனுப்பிவிட்டு மச்சானைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று காலைப் பிடித்தேன். அவர்தான் அப்போது நடந்ததையெல்லாம் சொன்னார். சிரம்பானில் ரயில் மத்தியானமே கிளம்பிவிட்டது, இப்போது போய் நின்றால் உன்னையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள், இரண்டு பேரும் போய்விட்டால் தாயம்மாவுக்கும் அவள் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் யார் என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லசாமி பேரை அடிச்சாச்சு. ஆறுமுகம் பேரு புத்தகத்துல இருக்கு. நாளைக்குக் காலையில நீ அந்தப் பேருக்கு நில்லு. அந்த வீட்டு டின்னாவது நிக்காம வரட்டும்" என்றார்.

மறுநாளிலிருந்து நான் ஆறுமுகம் ஆனேன். மச்சான் குரல் வேறு மாதிரி. அடித்தொண்டையிலிருந்து, பாதி தூக்கத்தில் இழுத்துச் சொல்வார். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு நன்றாகவே வந்தது. முதல் நாள் நான் சொன்னபோது பெண்கள் வரிசையில் தாயம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். குரல் கொடுத்தது நான்தான் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலை நான் பல தடவை கனவில் பார்த்திருக்கிறேன்.

ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டரை வருஷம் இருந்தோம். அரிசியைக் கொண்டுபோய் வைப்பேன், உப்பை வைப்பேன். எடுத்துக்கொள்வாள். கஞ்சி காய்ச்சினால் எனக்கும் ஒரு கிண்ணம் வாசலில் இருக்கும். பேச்சு மட்டும் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச்சளி பிடித்து மூச்சு இரைத்தது. இருமல் வரும்போதெல்லாம் சேலைத்தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அடக்கினாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இருமித் தொலையேன் தாயம்மா, தப்பு உன்னுடையது இல்லை, உப்பு காய்ச்சப் போனவனுடையது என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. பயமாக இருந்தது.

களத்தில் அந்த வழக்கமும் அதோடு ஒழிந்தது. இல்லாதவனுக்குக் குரல் கொடுப்பதை விடுங்கள், இருக்கிறவனே தன் பேருக்கு மூன்று தடவை யோசித்துத்தான் பதில் சொன்னான். எங்கள் ஒழுங்கு கெட்டுப்போய்விட்டதாக மாஸ்டர் கிராணியிடம் வருத்தப்பட்டான்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன அடுத்த வருஷம், ஒன்பது பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவன் சந்திரன். அவனும் வேறொருவன் பேருக்குக் குரல் கொடுத்து ஏறியவன்தான். ரயிலை விட்டு இறங்கி சிரம்பானிலிருந்து நடந்தே வந்தான். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "நீ செத்துட்டியே" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

தாயம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் உள்ளே கதவோரம் நின்று கேட்டாள். அறிவிப்பில் ஒன்றும் பொய்யில்லை என்றான் சந்திரன். ஆறு இருந்தது. மூங்கில் தெப்பத்தில்தான் சாமான் ஏற்றினார்கள். அருவி இருந்தது; மழையில் எங்கு பார்த்தாலும் அருவிதான். அத்தாப்புக் கொட்டகையும் இருந்தது, கூரை மட்டும் இல்லை. டாக்டர் இருந்தார், மருந்து இல்லை. வெந்நீர் ஊற்றுகூட இருந்தது. மாஸ்டர்கள் அதைச் சுற்றிக் கல் அடுக்கித் தொட்டி கட்டிக் குளித்தார்கள். கல் சுமந்தது இவர்கள். மச்சான் அந்த முட்டியோடு தினமும் புகைக்குப் பக்கத்திலேயே சுமந்து போவாராம். ஒருநாள் சந்திரன், ராத்திரி யாரும் இல்லாதபோது காலை நனைத்துவிட்டு வா மாமா என்று சொன்னதற்கு, வேண்டாம், பெடாஸில் இருக்கிறது, மச்சான் கூட்டிக்கொண்டு போவான் என்றாராம்.

நான் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். 

அங்கேயும் காலையில் பெரட்டு உண்டு என்று சந்திரன் தொடர்ந்தான். மச்சான் கடைசி வரைக்கும் நல்லசாமியாகவே இருந்திருக்கிறார். பேர் மாறியது தெரிந்தால் ஊருக்கு எழுதிவிடுவார்கள், அங்கே ஆளைப் பிடிப்பார்கள் என்கிற பயம். "பேரைக் கூப்ட்டா மொதல்ல ஒரு தடவ இருமுவாரு, அப்புறந்தான் 'இருக்கேன்யா'ம்பாரு. வாந்திபேதி கண்டு படுத்துக் கெடந்தப்பகூட அந்த இருமலை விடல. எதுக்கு மாமா இதுன்னு கேட்டா, இங்க இரும ஆளில்லையேன்னுவாரு" என்றான் சந்திரன்.

 தாயம்மா உள்ளே போய்க் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து சந்திரன் முன்னால் வைத்தாள். அதில் கொஞ்சம் உப்புப் போட்டிருந்தாள்.

மறுவாரம் கிராணி என்னைக் கூப்பிட்டார். புது வெள்ளைக்காரத் துரை வந்து, சயாமில் செத்தவர்களின் பேரைக் கேட்டிருந்தார். அரசாங்கத்திலிருந்து வந்த காகிதத்தில் நல்லசாமி இருந்தான். கிராணி அதை மேசைமேல் வைத்துக்கொண்டு, தப்பைத் திருத்திவிடலாம், ஆறுமுகத்தை அடித்துவிட்டு உன்னைத் திரும்ப எழுதிவிடுகிறேன், தாயம்மாவை ஒரு வார்த்தை கேட்டு வா என்றார். புருஷன் பேரைப் புத்தகத்திலிருந்து அடிக்கட்டுமா என்று அவளிடம் நான்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் போய்க் கிராணியிடம், உங்கள் இஷ்டம் என்றேன்.

திங்கட்கிழமை பெரட்டு. கிராணியின் கையில் புதுப் பேர்ப் புத்தகம். வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து பேர் முடிந்தது. ஆறுமுகம் என்று கூப்பிடவில்லை. இரண்டரை வருஷப் பழக்கத்தில் என் அடித்தொண்டை அந்தப் பேருக்காகத் தயாராக நின்றது. அவர் சொன்னது வேறு.

"நல்லசாமி."

என் பேர்தான். எனக்குத் தெரிகிறது. வாய் வரவில்லை. அந்தப் பேருக்குப் பதில் சொல்லிப் பதில் சொல்லியே ஒருவர் செத்துப்போயிருந்தார். அதை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரை வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். கிராணி இன்னொரு தடவை, கெஞ்சுகிற மாதிரி, கூப்பிட்டார்.

"நல்லசாமி."

பெண்கள் வரிசையில் ஒரு சேலை அசைந்தது. தாயம்மா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை, என்னைப் போலவே இருமினாள்.

"இருக்கேன்யா" என்றேன்.

கிராணி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் குறி போட்டார்.